சூயிங்கத்தில் புகையே இல்லை, பிறகு ஏன் தலை சுற்றுகிறது?

2022 ஜனவரி 8, மாலை 6:15 (வாசகர் கேள்வி)

சிகரெட் பிடித்தால் தலை சுற்றுவது ஆக்சிஜன் குறைவதால்தான் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நான் பெரிய ஆள் இல்லை, நாளைக்கு நாலு, மிஞ்சினால் அஞ்சு. அதையும் விட்டுவிடலாம் என்று போன வாரம் மருந்துக்கடையில் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கினேன், 2 மி.கி. வாயில் போட்ட பத்தாவது நிமிஷம் அதே கிறுகிறுப்பு. விக்கல் வேறு. இதில் புகையே கிடையாதே! ஆக்சிஜன் கதை பொய்யா, இல்லை எனக்கு வேறு ஏதாவது கோளாறா?

2022 ஜனவரி 8, இரவு 9:50

கோளாறெல்லாம் இல்லை. ஆக்சிஜன் கதைதான் பொய்.

நான் டாக்டர் கிடையாது. தஞ்சாவூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் பீடியும் சிகரெட்டுமாக ஊதிவிட்டு, இதே சூயிங்கத்தைப் பிடித்துக்கொண்டு எழுபது நாளாக வெளியே நிற்கிறேன். கை பரபரக்கும்போதெல்லாம் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்ததுதான் என் படிப்பு.

நம் நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்று ஒரு பொருளை வைத்திருக்கின்றன. அதை வாங்கிக்கொள்ள எதிர்ப்பக்கத்தில் ஏற்பிகள் உண்டு. ரேஷன் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிக்கோட்டின் அடுத்த வீட்டுக் கார்டைக் காட்டிச் சர்க்கரை வாங்கிப்போகிற ஆள். கார்டு பார்க்க அசல் மாதிரியே இருப்பதால் கடைக்காரர் போட்டுக் கொடுத்துவிடுகிறார். இந்தக் கடைகள் மூளை முழுக்க இருக்கின்றன. வாந்தியைத் தூண்டுகிற இடம் மூளைத்தண்டில் இருக்கிறது, அதுவும் நிக்கோட்டினுக்கு மசியும். உடம்பின் சமநிலையைக் கவனிக்கிற பகுதியும் அப்படித்தான். சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் போய்க் கார்டைக் காட்டினால் அங்கிருந்து அட்ரினலின் கொட்டும். நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், விரல் நுனி சில்லிட்டுப் போகும்.

இதற்கெல்லாம் புகை தேவையே இல்லை. நிக்கோட்டின் எந்த வழியாக வந்தாலும் நடக்கும். புகையில் வந்தால் பத்து இருபது விநாடியில் மூளைக்குப் போய்விடும், சூயிங்கத்தில் நிதானமாக ஏறும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நாளைக்கு நாலு பிடிக்கிறவருக்கு உடம்பு முழுசாகப் பழகியிருக்காது. அதனால் உங்களுக்குச் சட்டென்று தெரிகிறது.

2022 ஜனவரி 9, காலை 7:05

விக்கலுக்குப் பதில் எழுத விட்டுப்போனது. நீங்கள் அதைச் சாதாரண பபிள்கம் மாதிரி மென்றிருக்கிறீர்கள், சரிதானே?

நானும் அதைத்தான் செய்தேன். முதல் நாள், கும்பகோணம் போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட். பயண நேரம்தான் எனக்குச் சோதனை. ஒன்றைப் போட்டுச் சவசவ என்று மென்று, ஊறுகிற எச்சிலையெல்லாம் விழுங்கிக்கொண்டே போனேன். தொண்டையில் மிளகு கடித்த மாதிரி ஒரு எரிச்சல். பாபநாசம் தாண்டுவதற்குள் விக்கல், வயிற்றைப் புரட்டல், காதோரம் வேர்வை. ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோப்பு நிதானமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, என் தலைதான் அதைவிட வேகமாகப் போனது. பக்கத்தில் இருந்த அம்மா, "தம்பிக்கு பஸ் ஒத்துக்காதா?" என்று எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். இருபத்திரண்டு வருஷம் ஊதிய மனுஷன், ஒரு மிட்டாய்க்குத் தோற்று எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மெல்லுகிற முறை வேறு. நாலைந்து தடவை மெதுவாகக் கடிக்க வேண்டும். காரம் அல்லது சுருசுருப்பு தெரிந்ததும் நிறுத்திவிட்டுக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும், வெற்றிலைக்காரர்கள் புகையிலையை ஒதுக்குகிற மாதிரியே. சுருசுருப்பு அடங்கியதும் மறுபடி நாலு கடி. அரை மணி நேரம் இப்படி. விழுங்கினால் தொண்டையும் வயிறும் எரிந்து விக்கல் வரும். வயிற்றுக்குப் போன நிக்கோட்டினில் பெரும்பகுதியைக் கல்லீரல் வழியிலேயே மடக்கிவிடும், அதனால் காசுக்கும் நஷ்டம்.

2022 ஜனவரி 9, காலை 7:20

டீயோ காபியோ குளிர்பானமோ குடித்த கையோடு போடாதீர்கள், ஒரு கால் மணி நேரம் விடுங்கள். ஏன் என்று அப்புறம் எழுதுகிறேன், கடை திறக்க வேண்டும்.

2022 ஜனவரி 11, இரவு 10:30

திருச்சிக்காரர் ஒருவர் காய்ச்சி எடுத்துவிட்டார். நியாயமான காய்ச்சல். "ஆக்சிஜன் கதைதான் பொய்" என்று முதல் நாள் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது பற்றிக்கொள்ளும். ஏறிவிட்டால் லேசில் இறங்காது, பாதி இறங்கவே நாலைந்து மணி நேரம் ஆகும். அதனால் பிடிக்கிறவர் ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்க வேண்டிய வண்டிகளில் ஒரு பகுதியில் எப்போதும் வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறார். தலைவலி, சோர்வு, மந்தம் இதெல்லாம் அதனால் வரலாம். பீடியில் இது இன்னும் மோசம். பீடி அடிக்கடி அணையும், அணையாமல் காப்பாற்றவே இழுத்துக்கொண்டிருக்க வேண்டும், இழுக்க இழுக்க உள்ளே போவது கூடும்.

ஆழ்ந்து ஆழ்ந்து இழுப்பதே ஒரு காரணம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூச்சை வேகமாக வாங்கி விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளைக்குப் போகிற குழாய்கள் சுருங்கும், தலை லேசாகும். பலூன் ஊதும்போது வருகிறதே, அது.

ஆனால் என் கட்சியை முழுசாக விடமாட்டேன். முதல் இழுப்பில், பத்து விநாடிக்குள் 'ஜிவ்' என்று ஏறுகிறதே, அது கார்பன் மோனாக்சைடு வேலை இல்லை. அது மெதுவாகச் சேர்கிற சமாச்சாரம். ஜிவ்வுக்கு முதல் சொந்தக்காரர் நிக்கோட்டின்தான்.

2022 ஜனவரி 14, காலை 11:10

பொங்கல், கடை லீவு. கரும்பைக் கடித்துக்கொண்டே எழுதுகிறேன்.

காலையில் வெறும் வயிற்றில் பிடித்தால்தான் கிறுகிறுப்பு அதிகம், சாப்பிட்டுவிட்டுப் பிடித்தால் இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். பிடிக்கிற எல்லாருக்கும் தெரிந்த அனுபவம். ஆனால் வயிற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பேன். புகையின் நிக்கோட்டின் நுரையீரல் வழியாகப் போகிறது, வயிற்றைத் தொடுவதே இல்லை.

நிஜக் காரணம் ராத்திரி. ரத்தத்தில் நிக்கோட்டின் பாதியாகக் குறைய சுமார் இரண்டு மணி நேரம். பகலில் ஒன்று கரைவதற்குள் அடுத்தது பற்றவைக்கிறோம், அதனால் சேர்ந்துகொண்டே போகிறது. தூங்குகிற ஏழெட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய வடிந்துவிடும். ரேஷன் கடைக்கு மறுபடி வருவோம். கள்ளக் கார்டு காட்டிக் காட்டி வாங்கினால் கடைக்காரர் சும்மா இருப்பாரா? ஷட்டரை இறக்கிவிடுவார். அசல் கார்டுக்காரர் வந்தாலும் திறக்காது. ஏற்பிகள் அப்படித்தான் மரத்துப்போகின்றன. ராத்திரி பூரா கூட்டம் இல்லாததால் விடியற்காலையில் எல்லாக் கடையும் திறந்திருக்கும். அந்த நேரத்தில் முதல் ஆளாகப் போய் நிற்கிறது நம் முதல் சிகரெட். அதனால்தான் அந்த ஒன்று மட்டும் தலையைத் தூக்கிப்போடுகிறது. பத்து மணிக்குப் பிடிப்பதில் ஒன்றும் தெரிவதில்லை.

நிறுத்துவதற்கு முந்தைய கடைசி வருஷங்களில் நாளைக்குப் பதினெட்டு பிடித்தேன். அந்தப் பதினெட்டில் உடம்புக்குத் தெரிந்தது காலையில் கொல்லையில் நின்று பிடித்த ஒன்றுதான். மிச்சம் பதினேழும் நடுக்கத்தை நிறுத்துவதற்கு.

2022 ஜனவரி 15, இரவு 8:45

நேற்று வயிற்றுக்குச் சம்பந்தமே இல்லை என்று அடித்துப் பேசினேன் அல்லவா? கொஞ்சம் இருக்கிறதாம். சாப்பிட்டதும் கல்லீரலுக்குப் போகிற ரத்த ஓட்டம் கூடும். நிக்கோட்டினைக் கழிப்பது பெரும்பாலும் கல்லீரல்தான் என்பதால் சாப்பாட்டுக்குப் பிறகு அது வேகமாகக் கழியும். சாப்பிட்டதும் ஒன்று பற்றவைக்கத் தோன்றுவதற்கே இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. வெறும் வயிறு கட்சிக்குப் பாதி மார்க் கொடுத்துவிட்டேன், சண்டை வேண்டாம்.

2022 ஜனவரி 20, இரவு 11:40

இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நிக்கோட்டின் எனக்கு முதன்முதலில் தலையைச் சுற்றவைத்தபோது எனக்குப் பதினோரு வயது. வாயில் ஒன்றும் வைக்கவில்லை.

எங்களுக்கு வேதாரண்யம் பக்கம். அப்பா புகையிலை போடுவார். மணல் காடு, கேணியில் மொண்டு குடம் குடமாக ஊற்ற வேண்டும். செடி இடுப்பளவு வந்து பூ எடுக்கப்போகும்போது நுனியைக் கிள்ளிவிடுவார்கள். கிள்ளியதும் இலைக்கணுவில் பக்கச் சிம்பு முளைக்கும். விட்டால் சத்தெல்லாம் அதற்குப் போய்விடும், அதனால் வாரம் ஒரு முறை ஒடிக்க வேண்டும். பையன்களுக்கு ஏற்ற வேலை, குனியக்கூட வேண்டாம்.

தை மாதம், லீவு நாள், விடியற்காலை. இலை ஒவ்வொன்றிலும் பனி முத்து முத்தாக நிற்கும். பாத்திக்குள் நுழைந்து பத்தடி நடப்பதற்குள் சட்டை மார்போடு ஒட்டிவிட்டது. புகையிலை இலையில் ஒரு பிசுபிசுப்பு உண்டு, தொட்டால் விரலில் பசை மாதிரி ஏறும், ஏறியது காய்ந்து கறுப்பாகும். சோப்புப் போட்டாலும் போகாது. மத்தியானம் அந்தக் கையாலேயே சோறு தின்றேன், கசந்தது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது முற்றம் சாய்ந்தது. அப்படித்தான் தெரிந்தது எனக்கு, முற்றமே ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரி. வாந்தி, வாய் நிறைய எச்சில், கைகால் ஜில். அப்பாயி திருஷ்டி என்று உப்பும் மிளகாயும் எடுக்கப் போனார். அப்பா வந்து கையை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, காரம் ஏறியிருக்கு. மோரக் கொடு" என்றார். ராத்திரி முழுக்க அப்பாயி மடியில் கிடந்தேன். மறுநாள் எழுந்து விளையாடப் போய்விட்டேன்.

முப்பது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, இதற்குப் பேர் பச்சைப் புகையிலை நோய். 1970இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சுருட்டுப் புகையிலை பறித்தவர்களிடம் கண்டு டாக்டர்கள் எழுதிவைத்தார்கள். நம் நாட்டிலும் அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் இதை ஆராய்ந்திருக்கிறது. நிக்கோட்டின் தண்ணீரில் நன்றாகக் கரையும். பனித்துளியில் கரைந்து, நனைந்த சட்டை வழியாகத் தோலுக்குள் இறங்குகிறது. தோல் வழி என்பதால் மெதுவாக ஏறும், பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். காலையில் ஒடித்ததற்குச் சாயங்காலம் முற்றம் சாய்ந்தது அதனால்தான்.

இன்னொன்று. நிக்கோட்டின் வேரில்தான் உண்டாகி இலைக்கு ஏறுகிறது. நுனியைக் கிள்ளினால் செடி தன்னை ஏதோ தின்கிறது என்று எடுத்துக்கொண்டு இன்னும் அதிகமாகச் சுரக்கும். பூச்சியை விரட்டச் செடி வைத்திருக்கிற விஷம் அது. கிள்ளிவிட்டு அடுத்த வாரம் பையனை உள்ளே அனுப்பினார் அப்பா. அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சிம்பு ஒடிக்க வேறு யார் இருந்தார்கள்?

2022 ஜனவரி 21, காலை 6:50

ராத்திரி எழுதிவிட்டுப் படுத்தபோது ஒன்று தோன்றியது. அப்பா சொன்ன "காரம்" என்ற சொல். எங்கள் ஊரில் புகையிலைக்குத் தரமே காரம்தான். இந்த வருஷம் காரம் பத்தாது, போன வருஷம் நல்ல காரம் என்பார்கள். மிளகாய் மாதிரி உறைப்பதைச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் வேதியியலில் படித்தோமே அமிலம், காரம் என்று, நிக்கோட்டின் அந்தக் காரம். விவசாயி சொல்வதும் வாத்தியார் சொல்வதும் ஒரே சொல்லில் வந்து நிற்கிறது. தற்செயலா இல்லையா என்று தமிழ் வாத்தியார்கள் சொல்லட்டும்.

டீ குடித்துவிட்டு சூயிங்கம் போடாதே என்றதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. வாய் புளிப்பாக இருந்தால் நிக்கோட்டின் உப்பு வடிவத்துக்குப் போய்விடும், கன்னத்துச் சவ்வைத் தாண்டாது. வாய் காரமாக இருந்தால் சவ்வைச் சுலபமாகத் தாண்டும். அதற்காகவே சூயிங்கத்தில் சோடா உப்பு வகையறாவைச் சேர்த்திருக்கிறார்கள். நம் ஆட்கள் புகையிலையோடு சுண்ணாம்பைத் தடவுவதும் அதே கணக்கு. கல்யாண வீட்டில் யாராவது விளையாட்டுக்குச் சுண்ணாம்போடு புகையிலை கொடுத்து, வாங்கிப் போட்ட பையன் பந்தலிலேயே உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். சுருட்டுப் புகையும் காரப் பக்கம்தான், அதனால் சுருட்டுக்காரர் புகையை உள்ளே இழுக்காமல் வாயில் வைத்தே வேலையை முடித்துக்கொள்கிறார். சிகரெட் புகை சற்றுப் புளிப்பு, வாயில் நிற்காது, நுரையீரல் வரை இறக்கினால்தான் உண்டு.

2022 ஜனவரி 22, மாலை 5:30

"அப்படியென்றால் மோர் வைத்தியம் விஞ்ஞானப்படி சரிதானே, புளிப்பு காரத்தை அடக்கிவிடும்" என்று ஒருவர் உற்சாகமாக எழுதியிருக்கிறார். எனக்கும் நம்ப ஆசைதான். ஆனால் தோல் வழியாக உள்ளே போனதை வாயில் குடித்த மோர் என்ன செய்யும்? வாந்தி எடுத்த பிள்ளைக்கு உப்புப் போட்ட மோர் நல்லது, அதோடு நிறுத்திக்கொள்வோம். அப்பாயி மடிக்கு அதைவிட மதிப்பு அதிகம்.

பொடி போடுகிறவர்களுக்குத் தலை சுற்றாது என்று சொன்னவருக்கு: பழகாதவர் ஒரு சிட்டிகை போட்டுப் பார்க்கட்டும். எங்கள் தாத்தாவின் பொடி மட்டையைத் திருடிய அனுபவத்தில் சொல்கிறேன். முதலில் தும்மல், அப்புறம் கண்ணீர், அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடை.

2022 பிப்ரவரி 3, இரவு 9:15

காது டாக்டரிடம் படிக்கிற பையன் ஒருவர் நல்ல கேள்வி போட்டிருக்கிறார்: வெறும் வாந்தி உணர்வைத்தான் நாம் தலைசுற்றல் என்கிறோமா, இல்லை நிஜமாகவே உலகம் சுற்றுகிறதா?

நிஜமாகவே கொஞ்சம் சுற்றுகிறது. புகை பிடித்தவரை இருட்டில் வைத்துக் கண்ணைப் பதிவு செய்தால், விழி மேல்பக்கமாகச் சின்னச் சின்னதாகத் துடிக்கும். 1980களிலேயே கண்டு எழுதியிருக்கிறார்கள். வெளிச்சத்தில் ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் துடிப்பு அடங்கிவிடும், அதனால் நமக்கே தெரியாது. சமநிலை பார்க்கிற பகுதியை நிக்கோட்டின் தட்டிவிடுவதன் அடையாளம் அது. ராட்டினத்தில் சுற்றி இறங்கியதும் கண் நிலைகொள்ளாமல் ஓடுகிறதே, அதன் தம்பி. கண் ஒன்று சொல்கிறது, காது ஒன்று சொல்கிறது, நடுவில் மாட்டிக்கொண்ட மூளை வயிற்றைப் புரட்டுகிறது.

ஏற்பி, ஏற்பி என்று இத்தனை தடவை எழுதினேனே, அந்தக் கருத்தே நிக்கோட்டினால் பிறந்ததுதான். கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி என்பவர் கோழியின் தசையில் நிக்கோட்டினையும் கியூராரே விஷத்தையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். நரம்பை அறுத்த பிறகும் நிக்கோட்டின் தசையைச் சுருக்கியது, கியூராரே அதைத் தடுத்தது. அப்படியானால் தசையிலேயே இவற்றை வாங்கிக்கொள்கிற ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று 1905இல் எழுதினார். இன்றைக்குப் பாதி மருந்துக்கடை அந்த யோசனையில்தான் ஓடுகிறது.

2022 மார்ச் 6, மதியம் 2:20

ஒரு மாதமாக எழுதவில்லை. சொந்தக் கதை.

சூயிங்கத்தை நாளைக்கு இரண்டாகக் குறைத்த பிறகும் எனக்குத் தலை சுற்றல் நிற்கவில்லை. கடையில் கீழ்த்தட்டில் இருந்து ஏ4 கட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால் ஒரு விநாடி எல்லாம் கறுப்பாகும். மிஷினைப் பிடித்துக்கொள்வேன். இந்த இழையில் இவ்வளவு எழுதிய மேதாவி அல்லவா, நிக்கோட்டின்தான் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சூயிங்கத்தை அடியோடு நிறுத்தினேன். அப்போதும் நிற்கவில்லை. சரி, இது விட்டதால் வருகிற தலை சுற்றல் என்று அடுத்த தீர்ப்பு.

மனைவி இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் முதலில் கேட்டது இதுதான்: "சுத்துதா, இருட்டுதா, தள்ளுதா?" எனக்குப் பதில் வரவில்லை. மூன்றையும் தலை சுத்துது என்றே சொல்லிப் பழக்கம். யோசித்துவிட்டு, "இருட்டுது சார்" என்றேன். படுக்கவைத்து ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்தார், எழுந்து நிற்கவைத்து மறுபடி பார்த்தார். மேல் எண் 20க்கு மேல் இறங்கியிருந்தது. நாலு வருஷமாகப் போடுகிற பிரஷர் மாத்திரை. ஊதிக்கொண்டிருந்தபோது எழுதிய அளவு, நான் விட்டதையும் எட்டுக் கிலோ இளைத்ததையும் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையைக் குறைத்தார். பத்து நாளில் கறுப்பு போய்விட்டது.

அதனால் முதல் கேள்வி கேட்டவரிடம் நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். உங்களுக்குச் சுற்றியதா, இருட்டியதா? கிறுகிறுப்பு என்றீர்கள், கூடவே குமட்டல் இருந்தால் நான் எழுதியது பொருந்தும். எழுந்திருக்கும்போது கண் இருட்டினால் அது வேறு கணக்கு. படுக்கையில் புரளும்போது மட்டும் அறை சுற்றினால் காதுக்குள் கோளாறு. பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போவது, பார்வை இரண்டாகத் தெரிவது இதெல்லாம் சேர்ந்தால் இங்கே வந்து எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2022 மார்ச் 7, காலை 9:00

டீயைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். விட்ட புதிதில் எனக்குப் படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம். எல்லாப் பழியையும் நிக்கோட்டின் தாகத்தின் மேல் போட்டேன். ஆனால் புகையில் இருக்கிற தார்ப் பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடும். காஃபினைக் கரைப்பது அந்த நொதிதான். பிடிக்கிறவர் உடம்பில் காஃபின் சீக்கிரம் கழியும், அதனால் ஆறு டீ தாங்கும். புகையை நிறுத்திய சில நாளில் நொதி பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. அதே ஆறு டீ இப்போது பத்துப் பன்னிரண்டு டீயின் வேலையைச் செய்கிறது. டீக்கடையில் சிகரெட்டை விட்டவன் டீயைக் கூட்டியிருப்பான் வேறு! நான் மூன்றாகக் குறைத்தேன், நடுக்கம் போய்விட்டது. இதில் நிக்கோட்டினுக்குப் பங்கில்லை என்பதால் சூயிங்கம் போட்டுக்கொண்டிருந்தாலும் நடக்கும்.

2022 ஜூன் 19, இரவு 10:05

"60 மி.கி. நிக்கோட்டின் ஆளைக் கொல்லும், சிகரெட்டில் பத்துப் பன்னிரண்டு இருக்கிறது, சூயிங்கம் ஆபத்து" என்று பயமுறுத்துகிறவருக்கு. சிகரெட்டில் அவ்வளவு இருப்பது உண்மை, ஆனால் ஒன்றைப் பிடித்தால் உடம்புக்குப் போவது 1 அல்லது 1.5 மி.கி. 2 மி.கி. சூயிங்கத்தில் கிட்டத்தட்ட பாதிதான் ரத்தத்துக்குப் போகும். அந்த 60 என்ற எண்ணை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ன்ட் மாயர் 2014இல் பின்னோக்கித் துருவிக்கொண்டே போனார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் தங்கள் மேலேயே செய்துகொண்ட சந்தேகமான சோதனையில் போய் நின்றது. பெரியவர்களுக்கு உயிருக்கு ஆபத்தான அளவு அதைவிடப் பல மடங்கு என்கிறார். குழந்தைகள் கதை வேறு, சூயிங்கம் அட்டையை அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள். நான் நிறுத்தியபோது மிஞ்சிய அட்டை ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்குள் இருக்கிறது.

விட வழி தேடுகிறவர்கள் சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிற 1800-11-2356 எண்ணுக்குப் பேசிப் பாருங்கள், காசு கிடையாது. ஊதிக்கொண்டே இருந்தபோது அந்த எண்ணை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன், ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

2022 ஜூன் 20, காலை 7:30

முதல் கேள்வி கேட்டவர் வந்துவிட்டார்! சுற்றியதுதானாம், இருட்டவில்லையாம். ஒதுக்கி மெல்ல ஆரம்பித்த பிறகு ஒன்றும் இல்லையாம். இப்போது அதுவும் இல்லை, வெறும் கிராம்பு மெல்லுகிறாராம். கிராம்பைப் பற்றி இழையை ஆரம்பித்துவிடாதீர்கள்.

2023 பிப்ரவரி 12, இரவு 9:40

ஊருக்குப் போய்விட்டு வந்தேன். பெரியப்பா மகன், அண்ணன், இன்னும் இரண்டு மா புகையிலை போடுகிறார். காலையில் சும்மா நிற்கப் பிடிக்காமல் பாத்திக்குள் இறங்கினேன். பனி அப்படியே, பிசுபிசுப்பு அப்படியே. கையுறை போட வேண்டும், நனைந்த சட்டையை மாற்ற வேண்டும் என்றெல்லாம் போன வருஷம் படித்தவன்தான். அரைக்கைச் சட்டையோடு இரண்டு மணி நேரம் சிம்பு ஒடித்தேன்.

மூன்று மணி வாக்கில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது வந்தது. முற்றம் சாய்ந்தது, அதே பக்கம். வாய் முழுக்க எச்சில். என் உடம்பில் நிக்கோட்டின் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, கடையெல்லாம் ஷட்டர் தூக்கித் திறந்து கிடக்கிறது. அண்ணன் என்னைவிட இரண்டு மடங்கு ஒடித்திருப்பார், காதில் பீடி செருகிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிடிக்கிறவர்களுக்கு இந்த நோய் குறைவாக வரும் என்று படித்ததை நேரில் பார்த்தேன். என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "காரம் ஏறிடுச்சுடா ஒனக்கு" என்று சிரித்தார்.

உள்ளே குரல் கொடுத்தேன், "அண்ணி, கொஞ்சம் மோர் இருக்கா?"

"மோருக்கு எங்க தம்பி போறது, மாட்டக் குடுத்து ரெண்டு வருஷமாச்சு. ஸ்பிரைட் இருக்கு, ஊத்தட்டுமா?"

குடித்தேன். ஏப்பம் வந்தது. கிறுகிறுப்பு மறுநாள் காலையில்தான் போனது.